சிறுநீரகத்துக்குப் 'பாதுகாப்பான' சாயம்

ஸ்கேன் எடுக்க வருபவரிடம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். சாயம் ஏற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று அதில் எங்கோ ஒரு வரி இருக்கும். கையெழுத்து விழுந்ததும் பொறுப்பு கைமாறிவிட்டதாம்! சரி, கிரியாட்டினின் எவ்வளவு என்று யாராவது கேட்டார்களா?

எம்.ஆர்.ஐ. சாயத்தின் கதை தெரிந்தவர்கள் இதை லேசாக விடமாட்டார்கள். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் சாயம் பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்பது பழைய பயம். அதனால் 1990களில் அப்படிப்பட்ட நோயாளிகளை எம்.ஆர்.ஐ. பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஏற்றுவது கடோலினியம். சிறுநீரகத்தை ஒன்றும் செய்யாது என்று அதற்கு நல்ல பெயர்! சிலருக்கு வழக்கத்தைவிட அதிக அளவிலேயே ஏற்றினார்கள்.

1997ல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் கட்டை போல் இறுகத் தொடங்கியது. முழங்காலை மடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் விழுந்தவர்கள் உண்டு. உள்ளுறுப்புகளும் இறுகி இறந்தவர்களும் உண்டு. காரணம் பிடிபட ஒன்பது வருடம் ஆயிற்று. 2006ல் ஆஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும் மருத்துவர்கள் பழைய குறிப்புகளைப் புரட்டினால்... தோல் இறுகியவர்களுக்கெல்லாம் கடோலினியம் ஏற்றியிருக்கிறார்கள்.

கடோலினியம் தனியாக இருந்தால் நஞ்சு. அதனால் இன்னொரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் ஏற்றுவார்கள். நல்ல சிறுநீரகம் ஒன்றரை மணி நேரத்தில் அதில் பாதியை வெளியே தள்ளிவிடும். செயலிழந்த சிறுநீரகத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் பூட்டு திறந்துகொண்டால் தீர்ந்தது. (வளைய வடிவ மூலக்கூறின் பூட்டு உறுதி, நீள வடிவத்தின் பூட்டு தளர்வு. 2017ல் ஐரோப்பா நீள வடிவச் சாயங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது.)

2007ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை போடச் சொன்னது. 2010ல், வடிகட்டும் திறன் 30க்குக் கீழே உள்ளவர்களுக்கு மூன்று சாயங்கள் கூடவே கூடாது என்றது. புதிதாக இந்த நோய் வருவது கிட்டத்தட்ட நின்றே போனது. இத்தனைக்கும் புது மருந்து எதுவும் வரவில்லை. ஊசி போடுமுன் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டார்கள், சாயத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டம் உண்டு. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தாலே "சாயம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள். இதுவும் சோம்பேறித்தனம்தான்! அயோடின் சாயத்தின் ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று 2020ல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்தே சொல்லிவிட்டன. 30க்குக் கீழே இருந்தால் சலைன் ஏற்றிக் கவனமாகச் செய்யலாம், அவசியமான ஸ்கேனை மறுக்க வேண்டாம் என்பதே அவர்கள் சொன்னது.

உயிர் போகும் அவசரம் வேறு. மற்ற நாட்களில், அந்தப் படிவத்தில் கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம் போட்டு நோயாளியின் வடிகட்டும் திறனை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?