மீதிப் பதினோரு மாதம்



போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்; இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தது. எழுதியவர் ஒரு தாய். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நாம் கொண்டுவந்த பதினாறு பக்க இணைப்பைப் படித்திருக்கிறார். நன்றாக இருந்தது என்று இரண்டு வரி. அப்புறம் இப்படி இருந்தது:

"ஜனவரி புத்தகத்தையும் வாங்கிப் பாத்தேன் ஐயா. கோலம், விடுகதை, பிள்ளைங்க வரைஞ்ச படம் எல்லாம் இருந்துச்சு. எங்க பையன் மாதிரி ஒரு பிள்ளையக் காணோம். டிசம்பருக்கு மட்டும்தான் அவன் பிள்ளையா? மீதிப் பதினோரு மாசம் அவன் எங்க இருப்பான்னு நெனைக்கிறீங்க?"

பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. 'இனி கவனத்தில் கொள்கிறோம்' என்று ஒரு வரி எழுதி அனுப்ப மனம் ஒப்பவில்லை. அவர் கேட்டது பக்கக் கணக்கு இல்லையே. ஆசிரியர் குழுவில் கடிதத்தை உரக்கப் படித்தோம். ஒரு பள்ளிக்கூடத்தின் முழு வருடத்தையும் கூடவே இருந்து பார்ப்பது என்று அன்றே முடிவாயிற்று. செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏரிக்கரையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பெயர் போட வேண்டாம் என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். பிள்ளைகளின் பெயரும் வராது. ஜூன் திறப்பு நாளிலிருந்து ஏப்ரல் கடைசி நாள் வரை மாதம் ஒருமுறையாவது போய்வந்தோம். இந்த மே இதழின் நடுப்பக்கங்கள் முழுக்க அந்த வருடம்தான். அதில் எனக்குள் தங்கிப்போன சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

மணியிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் பள்ளியில் இன்னமும் தண்டவாளத் துண்டுதான் மணி. வேப்பமரத்துக் கிளையில் தொங்குகிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆட்டிசம் உள்ள பையன், முதல் நாள் அது ஒலித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். ஒவ்வொரு பீரியடுக்கும் இதே பாடு. அடுத்த மணி எப்போது அடிக்குமோ என்ற பயத்திலேயே வகுப்பு முடிந்துவிடும். வட்டார வள மையத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் சிறப்புப் பயிற்றுநர்தான் அந்த யோசனையைச் சொன்னார்: "மணி அடிக்கிற வேலைய அவன்கிட்டயே குடுத்துப் பாருங்க மேடம்."

தலைமையாசிரியைக்குத் தயக்கம். முதல் வாரம் சுத்தியலின் முனையில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டினார்கள். அலுவலக உதவியாளர் பக்கத்தில் நின்றார். 'தொம்' என்று மெல்லிய சத்தம். நாளுக்கு ஒரு சுற்றாகத் துணியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஜூலை நடுவில் நாங்கள் போனபோது வெறும் சுத்தியல். கையில் ஒரு பெரிய கடிகாரத்தோடு, 10.40 ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போதே மரத்தடியில் வந்து நின்றான். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் அவனுக்கு ஆகாது. தானே எழுப்புகிற சத்தம் அவனை ஒன்றும் செய்யவில்லை. சத்துணவு சமைக்கும் அம்மா சொன்னார்: "இப்பதான் தம்பி, சோறு வெந்து எறக்குறதும் மணி அடிக்கிறதும் சரியா இருக்கு."

ஆகஸ்டில் பார்த்தது வேறொன்று. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவான், சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டுவான், கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வியர்த்துவிடும். டிஸ்லெக்ஸியா. 'கெ'யும் 'கே'யும் அவனுக்கு ஒன்றுபோலத் தெரியும். 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் க. எதை முதலில் படிப்பது? நமக்கு இது கேள்வியாகவே தோன்றியிருக்காது. அவனுக்கு அது எட்டு வருடத்துக் கேள்வி. அத்தனை வருடமும் 'மக்கு', 'சோம்பேறி' என்பதுதான் அவன் வாங்கிய பதில்.

ஏழாம் வகுப்பில் பார்வைத்திறன் இல்லாத மாணவி ஒருத்தி பிரெய்லில் படிக்கிறாள். ஒருநாள் மதியம் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். அவன் 'கொக்கு' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என்ன கஷ்டம் என்று அவள் கேட்டாள். சொன்னான். அவளுக்கு ஆச்சரியம். "எங்க எழுத்துல அப்படியெல்லாம் இல்லண்ணா. மொதல்ல க. அதுக்குப் பின்னாடி ஒ. அவ்ளோதான்" என்று அவன் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள். உண்மைதான். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லில், கொம்பும் காலும் கிடையாது. ஆறு புள்ளிக் கட்டத்தில் 1, 3 ஆகிய புள்ளிகள் எழும்பியிருந்தால் 'க'. அதைத் தொடர்ந்து உயிரெழுத்துக்கான கட்டம். காதில் விழும் வரிசைப்படியே விரலிலும் படும்.

அன்றிலிருந்து தமிழாசிரியர் அட்டையில் எழுத்துகளை வெட்டி, உப்புத்தாள் ஒட்டி, 'க'வையும் 'ஒ'வையும் தனித்தனியாகத் தடவிப் பார்க்கவைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து 'கொ'வைக் காட்டுகிறார். பையன் ஒரே மாதத்தில் சரளமாகப் படித்துவிட்டான் என்று சொன்னால் அது பொய். மெல்லத்தான் வருகிறது. ஆனால் புத்தகத்தைத் திறக்கும்போது இப்போது அவனுக்கு வியர்ப்பதில்லை.

இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமே இல்லை. அது கணக்கில் எடுத்தது 7 வகைக் குறைபாடுகளை மட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதை 21 ஆக விரித்து, கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் உள்ளே கொண்டுவந்தது. பொதுத்தேர்வில் இவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர் உண்டு, ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். பல பெற்றோருக்கு இது பத்தாம் வகுப்பு பாதியில்தான் தெரியவருகிறது. தெரிந்த பின்பும் ஒரு சிக்கல். முன்பின் பழக்கமில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத, வாயால் பரீட்சை எழுதுவது சுலபமில்லை. 'இங்கே பத்தி பிரிங்க', 'படத்துல இடது பக்கம் அம்புக்குறி போடுங்க' என்று சொல்லவும் பழக வேண்டும். அதனால் இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முதலே ஓர் ஆசிரியர் உட்கார்ந்து எழுதுகிறார். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரமும் அப்போதிருந்தே கிடைக்கிறது. வாசகர்களில் ஆசிரியர்களாக இருப்போர் இதை மட்டுமாவது தங்கள் பள்ளியில் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபரில் ஒரு கதவு. எட்டாம் வகுப்பு மாணவி சக்கர நாற்காலியில் வருகிறாள். பள்ளியில் சாய்தளம் இருக்கிறது, கைப்பிடியும் இருக்கிறது. கழிப்பறை வரைக்கும் அது போகிறது. ஆனால் கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. அந்தப் பெண் காலையில் வீட்டில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பும் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்பது, எங்கள் நிருபர் தன் பாட்டிலை நீட்டி "குடிம்மா" என்றபோதுதான் வெளியே வந்தது. இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தச்சர் ஒருவர் ஒரு சனிக்கிழமை மதியம் வந்து கீலை மாற்றி, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்துகொடுத்தார். ஒரு மதியத்து வேலை.

விளையாட்டு விழாவில் பி.டி. சார் தனிப்போட்டி எதுவும் வைக்கவில்லை. எல்லாருக்குமான பட்டியலில் பல்லாங்குழியையும் சேர்த்துவிட்டார். பதினான்கு குழி, கை நிறையச் சோழி. பிரெய்லில் படிக்கும் அந்த ஏழாம் வகுப்புப் பெண் விரல் நுனியிலேயே கணக்கு வைத்திருந்து மூன்று பேரை ஜெயித்தாள். இறுதிச் சுற்றில் தோற்றுவிட்டுக் கோபித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிடவில்லை. கால் சற்று வளைந்த ஒரு பையனை உயரம் தாண்டலில் நிறுத்தினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டச் சொன்னதும் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர்தானே என்றார். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபோது, இந்த மாவட்டத்தில் எத்தனை மைதானங்களில் எத்தனை பிள்ளைகள் "நீ ஓரமா உக்காந்து பாரு" என்ற சொல்லோடு வளர்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 3 வந்தது. மேடை இல்லை, பொன்னாடை இல்லை. பெற்றோரை மட்டும் வரவழைத்து, தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பங்களைச் சிறப்புப் பயிற்றுநர் உட்கார்ந்து நிரப்பிக்கொடுத்தார். மாலை வரை குனிந்த தலை நிமிரவில்லை. இவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவருக்கு இது ஒரு பள்ளி மட்டுமில்லை. பஸ் மாறி மாறிப் பல பள்ளிகளுக்கும், எழுந்து வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகிறார். இவரைப் போன்றவர்கள் தமிழ்நாடு முழுக்க ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் உரிமையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும், அந்த உரிமையைத் தோளில் சுமந்துபோகிறவர்களுக்கு நிலையான வேலை இல்லையென்றால் அது அரைகுறைதான். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி கண்ட மண் இது. அந்தச் சிறப்புப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவுதான் இன்று இவர் பையில் ஊர் ஊராகப் போகிறது.

ஜனவரியில் மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டு 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, பிறகு சீர்செய்தார்கள். அதன் மேல் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அலை வரைக்கும் போகலாம். எட்டாம் வகுப்புப் பெண் போனாள். முந்தைய வருடங்களில் சுற்றுலா என்றால் அவள் வீட்டில் இருப்பாள். அவளை விட்டுவிட்டுப் போவதில் ஆட்சேபணை இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் பள்ளிக்கு வந்துவிடும். இந்த முறை தோழிகள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, காலை அலையில் நனைத்தாள். அலை ஒரு செருப்பைக் கொண்டுபோய்விட்டது. புதுச் செருப்பு. வேன் வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா திட்டுவாளே என்ற கவலை. ஒவ்வொரு சுற்றுலாவிலும் யாராவது ஒரு பிள்ளைக்கு இந்தக் கவலை இருக்கும். இந்த வருடம் அது அவளுக்கு.

மார்ச்சில் ஆண்டு விழா. காது கேளாத மாணவி ஒருத்தி குழு நடனத்தில் முன்வரிசை. மரப்பலகை மேடையின் மேலேயே பறையை வைத்து அடித்தார்கள். அதிர்வு பலகை வழியாக அவள் காலுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் தொகுத்து வழங்கிய மாணவன் மைக்கில் சொன்னான்: "யாரும் கை தட்டாதீங்க. ரெண்டு கையையும் மேல தூக்கி ஆட்டுங்க." சைகை மொழியில் கைதட்டல் அதுதான். தட்டினால் அவளுக்குத் தெரியாது; ஆட்டினால் தெரியும்.

மைதானம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. பின்வரிசையிலிருந்து இரண்டு விசில் வந்தது; பக்கத்திலிருந்தவர்களே அடக்கிவிட்டார்கள். சத்தமே இல்லாமல், ஏரிக்கரை நாணல் காற்றில் அசைவதுபோல் அத்தனை விரல்களும் அசைந்தன. அந்தப் பெண் மேடையில் நின்று ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தாள்.

நான் வேறொருவனைத் தேடினேன். மணி அடிக்கும் பையன் மூன்றாம் வரிசையில் அம்மா பக்கத்தில் இருந்தான். போன வருடம் தொடக்கப் பள்ளி விழாவில் கைதட்டல் தொடங்கியதும் அலறி, அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருந்ததாம். இன்று காதில் கை இல்லை. இரண்டு கையும் மேலே இருந்தன. அவளுக்காகச் செய்த ஏற்பாடு இவனையும் உட்காரவைத்துவிட்டது. அதை யாரும் திட்டமிடவில்லை.

அந்தத் தாய்க்குக் கடைசியில் நான் எழுதியது நாலே வரி: உங்கள் பையன் வரைந்தது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், மற்ற பிள்ளைகளின் படங்களோடு சேர்த்துப் போடுகிறோம் என்று. மூன்று படம் அனுப்பினார். ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஓவியப் பக்கத்தில் இந்த முறை பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் வழக்கம்போலப் பெயர், வகுப்பு, ஊர். அவனுடையது எது என்று நான் சொல்லப்போவதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்