சம்பளத்தை எதைக் கொண்டு அளப்பது?

வெளிநாட்டுச் சம்பளத்தை நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி வியப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உலக வங்கி ஒருங்கிணைக்கும் விலை ஒப்பீட்டின்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை 2017-இல் இந்தியாவில் 20.65 ரூபாய்க்கு வாங்க முடிந்தது. சந்தை விகிதமோ ஏறத்தாழ 65 ரூபாய். முடிவெட்டுவதும் வாடகையும் பேருந்துக் கட்டணமும் இங்கே மலிவு. அந்த மலிவுக்குப் பின்னால் உழைப்பவரின் குறைந்த கூலி இருப்பதும் உண்மை. பெட்ரோலும் கைபேசியும் அப்படி மலிவாக இருப்பதில்லை.

வளைகுடாவில் உழைப்பவர் பணத்தை ஊருக்குத்தானே அனுப்புகிறார், எனவே மாற்று விகிதமே சரி என்பார்கள். அனுப்பும் தொகைக்கு அது பொருந்தும், முழுச் சம்பளத்துக்கு அல்ல. கத்தார் 2021 மார்ச்சில் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 1,000 ரியாலாக்கியபோது, உணவு தராத முதலாளி 300 ரியாலும், உறைவிடம் தராதவர் 500 ரியாலும் கூடுதலாகத் தர வேண்டும் என்றது. ஆக, அங்கே உண்டு உறங்கவே 800 ரியால் என்பது அரசின் கணக்கு. இதற்கு மேல், வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்பும் முகவரின் கட்டணத்துக்கு இந்தியா 30,000 ரூபாய் உச்சவரம்பு வைத்திருந்தும், பலர் அதைவிட மிகுதியாகக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டே விமானம் ஏறுகிறார்கள். சம்பளத்தை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் முகவர்கள், செலவு போக மிஞ்சுவதையும் ஒப்பந்தத்தில் எழுதித் தருமாறு நம் அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.