திருட்டுப் போன துப்பாக்கி கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

நகை திருட்டுப் போனால் நஷ்டத்தோடு போச்சு. துப்பாக்கி திருட்டுப் போனால் தூக்கமே போச்சு! எவன் கையில் இருக்கிறதோ, யாரைச் சுடுமோ என்ற பயம் சொந்தக்காரரை விடாது.

ஒருநாள் திருடன் பிடிபடுகிறான். துப்பாக்கியும் கிடைக்கிறது. சொந்தக்காரர் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்.

"என் துப்பாக்கியைக் கொடுங்க சார்!"

கொடுக்க மாட்டார்கள். அது இப்போது வழக்குச் சொத்து. கோர்ட்டு உத்தரவு வேண்டும்.

பணம் வாங்கியாச்சா?

இன்சூரன்சு செய்தவருக்கு இன்னொரு தலைவலி. முழு நஷ்டஈடும் வாங்கியிருந்தால், பொருளின் மீதுள்ள உரிமை கம்பெனிக்குப் போய்விடும். பணமும் எனக்கு, துப்பாக்கியும் எனக்கு என்று மறைத்தால் அது மோசடி!

திருட்டு பைக் கிடைத்தால் கம்பெனி எடுத்து விற்றுவிடும். துப்பாக்கியை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியுமா? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. உரிமை உள்ள இடத்தில் லைசென்சு இல்லை. லைசென்சு உள்ளவரிடம் உரிமை இல்லை!

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு துப்பாக்கியைக் கேட்கலாம். இல்லையென்றால் கோர்ட்டு அனுமதியோடு, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரி மூலம் விற்கலாம். எதுவானாலும் கம்பெனியிடம் பேசித்தான் ஆகவேண்டும்.

நஷ்டஈட்டுப் பணத்தில் புதுசு வாங்கியிருந்தாலும் சிக்கல்தான். 2019-ம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணமாக ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஏற்கனவே கையில் 2 இருந்தால், பழசு வீடு திரும்ப வழியில்லை.

சும்மா இருந்தால் போச்சு!

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆயுதச் சட்டத்தில் திருடன் தண்டனை பெற்றால், துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய 32-வது பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. தப்பு செய்தவன் திருடன். பொருளை இழப்பவர் சொந்தக்காரர்! அதனால் வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் முதலிலேயே மனுப் போட வேண்டும். லைசென்சையும் காலாவதி ஆகாமல் புதுப்பித்து வர வேண்டும்.

இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? யார் சொல்கிறார்கள்?

பிடிபட்ட பொருள்களை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் போலீஸ் நிலையத்தில் போட்டு வைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், படம் எடுத்துப் பட்டியல் போட்டு சீக்கிரம் முடிவு செய்யச் சொல்கிறது. துப்பாக்கி விஷயத்தில் தடய அறிவியல் சோதனை தேவைப்படலாம். சோதனை முடிந்த பிறகும் துருப்பிடிக்க விடுவது என்ன நியாயம்?

துப்பாக்கியில் நம்பர் இருக்கிறது. லைசென்சில் முகவரி இருக்கிறது. கிடைத்த அன்றே சொந்தக்காரருக்கும் இன்சூரன்சு கம்பெனிக்கும் போலீசார் ஒரு கடிதம் போடலாமே! திருடனைத் துப்பு துலக்கிப் பிடிக்கிறவர்களுக்கு, லைசென்சில் உள்ள விலாசத்தைப் பார்ப்பது பெரிய வேலையா என்ன?