கணக்கெடுப்பைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளாதீர்கள்

சென்னை மாநகராட்சியின் இப்போதைய மன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது. அதன் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அடிப்படை நாளாகக் குறித்திருப்பதும் 2027 மார்ச் 1. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது எனக்குக் கவலை தருகிறது. 'புதுக் கணக்கு வரட்டும், வார்டுகளைத் திருத்தி வரைவோம், அப்புறம் தேர்தல்' என்று யாராவது சொன்னால், கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

இப்படி ஒரு நியாயத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்கு என்று ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. வர்தா புயலும் கொரோனாவும், மன்றத்துக்குப் பதில் தனி அலுவலர் நிர்வகித்த அந்தக் காலத்தில்தான் வந்தன. அதற்கும் முன்பு, மஸ்டர் ரோல் ஊழலுக்காக 1973இல் கலைத்த மன்றம் திரும்ப வந்தது 1996இல்.

2019 கோடையில் அடையாறில் எங்கள் தெருமுனையில் விடியற்காலை நாலு மணிக்கே பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிடும். குடம் இல்லாதவர்கள் செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். மூன்று நாளாக லாரி வராத ஒரு காலையில் பக்கத்து வீட்டு அம்மா கேட்டார்: "யார்கிட்ட போய்ச் சொல்றது தம்பி? முன்னயாவது கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம்." குடிநீர் வாரியம் 1978 முதலே தனி அமைப்பு, கவுன்சிலர் கையில் குழாய்ச் சாவி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்த ஒரு முகம் அவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது.

புதுக் கணக்கு அவசியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 2011இல் 426 ஆக விரிந்தது. அந்த ஆண்டுக் கணக்கின்படி சுமார் 66 லட்சம் பேர், 200 வார்டுகள். ஒரு கவுன்சிலருக்கு ஏறக்குறைய 33,000 பேர். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி ஒரு குடும்பம் இருந்த வீட்டை இடித்துவிட்டு எட்டுக் குடும்பங்களைக் குடியேற்றியாயிற்று. தி. நகர் ரங்கநாதன் தெருவிலோ கடை அடைத்த பிறகு அள்ளும் அட்டைப்பெட்டியும் கவரும் அங்கே குடியிருப்பவர்கள் போட்டவை அல்ல. வாக்காளர் பட்டியலில் இல்லாத, கடைக்கு வந்துபோகும் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் அந்த வார்டு பெருக்குகிறது, விளக்கு போடுகிறது.

அதற்காக மன்றத்தைக் காலியாக வைக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தச் சொல்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243யு பிரிவு. இருக்கிற வார்டுகளில் உரிய காலத்தில் வாக்குப்பதிவு நடக்கட்டும். கணக்கு வந்த பின் எல்லைகளை நிதானமாக, மக்களிடம் கேட்டு, அடுத்த தேர்தலுக்காக வரையலாம்.

இதைக் கேட்கும் கடமை நமக்கு உண்டு; நாம் ஓட்டுப் போடுவதே குறைவு. 2022இல் மாநகரில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. ஓட்டோடு நம் பங்கு முடிந்துவிடுவதும் இல்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் குடியிருப்புவாசிகள் பேட்டைதோறும் கூடி, எந்த வேலைக்கு முதலில் பணம் என்று தீர்மானித்தார்கள். நமக்கும் 2022 முதல் பகுதி சபைக்கு விதிகள் இருக்கின்றன. உங்கள் தெருவுக்கான சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் இந்த வாரமே கேளுங்கள். அப்படியே, 2027 மார்ச்சுக்குப் பிறகு அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்றும் கேளுங்கள்.