ஸ்டேஷன் தூரம் போனால் யாருக்கு லாபம்?

கிராமத்துப் போலீஸ் ஸ்டேஷனை மூடுகிறார்கள், அவுட்போஸ்ட்டில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களையும் தாலுகா ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சேதி வந்தால், நம்மவர்களில் பலர் "சனியன் விட்டது" என்கிறார்கள். அந்தக் கசப்பு புரியாமல் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் ஆந்திரப் போலீசாரின் குண்டுக்குப் பலியானார்கள். அதை மறந்துவிட்டுப் போலீசுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனாலும் தோழர்களே, ஸ்டேஷனை மூடவிடக் கூடாது.

புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, அதன் நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டிய இடம் ஸ்டேஷன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் வாயில் நுழையாத பெயர் கொண்ட புதிய சட்டத்தில் 173-வது பிரிவு. செங்கல் சூளையில் அட்வான்ஸ் பணத்தைச் சாக்காக வைத்துக் குடும்பத்தையே வெளியே விடாமல் பிடித்து வைப்பது, 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம்.

ஆனால் ஸ்டேஷன் 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்? ஒரு நாள் கூலி போகும். பஸ் சார்ஜ், இடுப்பில் குழந்தை, பாஷை தெரியாத ஊர். அவள் புறப்பட்ட சேதி மேஸ்திரிக்கு எட்டாமல் இருக்குமா? சூளை முதலாளிக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஜீப் இருக்கிறது, இன்ஸ்பெக்டரின் போன் நம்பரும் இருக்கிறது. ஸ்டேஷன் நம்மைவிட்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவுக்கு அது அவருடைய ஸ்டேஷன் ஆகிவிடுகிறது.

"112 இருக்கிறதே, ஆன்லைனில் புகார் கொடுக்கலாமே" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்த புகாரில் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு என்று அதே 173-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கையெழுத்துக்கு மறுபடி ஸ்டேஷனுக்குத்தான் நடக்கவேண்டும்.

1977-ல் அமைத்த தேசியப் போலீஸ் கமிஷன், கிராமப்புற ஸ்டேஷன் ஒன்றின் எல்லை 150 சதுர கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சிபாரிசு செய்தது. 2020 ஜனவரிக் கணக்குப்படி 257 ஸ்டேஷன்களுக்கு வண்டி இல்லை, 638-க்கு டெலிபோன் இல்லை என்று பார்லிமெண்ட் கமிட்டியே 2022-ல் எழுதிற்று. இருக்கிற ஸ்டேஷன்களின் லட்சணமே இது. மூடிவிட்டு "ரோந்து வண்டி வரும்" என்றால், எந்த வண்டி?

ஸ்டேஷனே இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு உத்தராகண்டைப் பாருங்கள். அங்கே மலைக் கிராமங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து போலீஸ் வேலையையும் பட்வாரியிடமே கொடுத்திருந்தார்கள். பட்வாரி என்றால் நம் பக்கத்துப் பழைய கர்ணம் மாதிரி, நிலக் கணக்குப் பார்க்கிறவர். 6 மாதத்தில் இதை ஒழிக்கவேண்டும் என்று 2018-ல் ஹைகோர்ட் சொல்லியும் ஒழியவில்லை. 2022 செப்டம்பர் 18 அன்று, பௌரி மாவட்டத்தில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பாளர் வேலை பார்த்த 19 வயதுப் பெண் காணாமல் போனாள். பிழைப்புக்காக வீட்டைவிட்டுப் போனவள், நம் வீட்டுப் பெண்களைப் போல. காணவில்லை என்று பட்வாரியிடம் புகார் கொடுத்தவர் யார் தெரியுமா? ரிசார்ட்டை நடத்தியவரே. கேஸ் போலீஸ் கைக்கு வந்தது 22-ம் தேதி. 24-ம் தேதி கால்வாயிலிருந்து பிணத்தை எடுத்தார்கள். அவருக்கும் இரண்டு ஊழியர்களுக்கும் 2025 மே மாதம் ஆயுள் தண்டனை கிடைத்தது. போலீஸ் உடனே வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு நாளும் யாருக்குச் சாதகமாக இருந்தன?

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால், அதை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்கள், தங்கள் வேலைத்தளத்திலிருந்து ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை மணிக்கு, அவுட்போஸ்ட் இருந்து மூடினார்களா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவும். சர்க்காருக்குக் கொடுக்கும் மகஜரில் அவ்வளவையும் சேர்க்கவேண்டும்.