கையெழுத்துப் போடுமுன் சொத்து விவரத்தை வாசியுங்கள்



பதிவுத்துறையிலும் வருவாய்த்துறையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் முக்கியமாகக் கேட்பது இதுதான்: பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தை வரிவரியாக வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பெயரும் தொகையும் சரியா என்று பார்ப்பவர்கள்கூட, சர்வே எண்ணையும், நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியையும் பத்திரம் எழுதுபவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள்.

142/3 என்பது 143/2 என்று தட்டச்சாகிவிட்டால், நீங்கள் வீடு கட்டுவது ஓரிடம், உங்கள் பேரில் பதிவானது வேறிடம். திருத்தல் பத்திரம் போடலாம்தான்; ஆனால் விற்றவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவர் துபாயில் இருப்பார், இன்னொருவர் கையெழுத்துக்கே விலை பேசுவார். ஆகவே புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனையில் நின்று, வடக்கே யார் வீடு, கிழக்கே எத்தனை அடிப் பாதை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். டேப் பிடித்து அளக்கக் கூச்சப்படாதீர்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதியாத உயிலும், தகப்பனார் இறந்ததும் மகள்களுக்குச் சேர்ந்த பங்கும் அதில் தெரியாது. வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரை நேரில் போய்ப் பாருங்கள். பொதுவாக அவர் இறந்ததுமே பவர் செல்லாது. பவரையும் கிரய ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்து சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று நூற்றுக்கு 9 ரூபாய் கட்டிப் பதிகிறவர்கள், பட்டா மாற்ற மட்டும் சுணங்குகிறார்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய நிலமானால் சர்வேயர் வந்து அளந்து கல் நடும் வரை விடாதீர்கள். கூட்டுப் பட்டாவில் கிடக்கும் இடம் அடுத்த தலைமுறைக்குப் பஞ்சாயத்துதான்.

பிள்ளைகளுக்கு தானசெட்டில்மென்ட் எழுதும் பெற்றோரே, ஆயுள்வரை உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மகன் என்ன நினைப்பானோ, மருமகள் முகம் சுளிப்பாளோ என்று தயங்க வேண்டாம். அந்த நிபந்தனை இருந்து, பிள்ளைகள் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாய்வார்த்தையை மட்டும் நம்பி எழுதிக் கொடுத்துவிட்டால் அங்கே போய் வாதாடுவது கடினம்.

ஞாயிறு காலையில் நூலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். வரைவுப் பத்திரம் எழுதியானதும் கொண்டுவந்து காட்டுங்கள், காசு வேண்டாம். பழைய பத்திரங்களுக்கு ஜெராக்ஸ் போதும். அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.