பசியை அடக்கும் மாத்திரை: ஆளையே அடக்கிவிடும்!
சீட்டு இல்லாமல் வாங்குவோர் உஷார்

திருப்புலிவனம்,-

"பத்தே நாளில் உடம்பு இளைக்கும்! பசியே எடுக்காது!" - செல்போனைத் திறந்தால் இந்த விளம்பரம்தான். உத்திரமேரூர் பஸ்சுக்குக் காத்து நிற்பவர்கள்கூட, "அண்ணே, இதை வாங்கலாமா?" என்று போனை நீட்டுகிறார்கள்.

பதிலுக்கு முன்பு, நம்ம மாவட்டத்திலேயே நடந்த ஒரு சங்கதி.

2023-ம் ஆண்டு ஜனவரி தொடக்கத்தில், சோமங்கலம் பகுதியைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் இறந்து போனார். குண்டாக இருந்தவர், எடை குறைய மாத்திரை சாப்பிட்டு வந்த நிலையில் உயிர் போனதாகச் செய்தி வந்தது. போலீசார் விசாரணை நடத்தினர். 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, யூடியூப்பைப் பார்த்து வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு பலியானார். வெங்காரம் பசி மருந்தே கிடையாது!

டப்பாவுக்குள் என்ன?

பசியை அடக்குவதில் ஒரு காலத்தில் பேர் வாங்கிய மருந்து சிபுட்ரமைன். மூளையில் வேலை செய்து, "வயிறு நிறைஞ்சு போச்சு" என்று நினைக்க வைக்கும். கூடவே ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றிவிடும். இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ள சுமார் 10 ஆயிரம் பேரிடம் நடந்த சோதனையில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 16 சதவீதம் கூடியது தெரிந்தது. 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. 2011-ல் இந்திய அரசும் தடை போட்டது.

அத்தோடு ஒழிந்ததா? அதுதான் இல்லை! "சுத்த மூலிகை" என்று லேபிள் ஒட்டிய மாத்திரைகளில் இதே சிபுட்ரமைன் ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. லேபிளில் பெயர் இருக்காது. ரத்தக் கொதிப்புக்காரர் மூலிகைதானே என்று விழுங்கினால் கதி என்ன? கூரியரில் வரும் டப்பாவை இந்த நிருபர் நம்பத் தயாராக இல்லை.

புது ஊசி

இப்போது பேச்செல்லாம் ஊசி பற்றித்தான். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வெகோவி இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. குடலில் சுரக்கும் ஹார்மோன் மாதிரி வேலை செய்து பசியைக் குறைப்பவை இவை. எடை குறைவது நிஜம்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்பு 4 கிலோ இறக்க வந்த சமாச்சாரம் அல்ல.

கணக்கு இதுதான்: 5 அடி 3 அங்குலம் உயரம் உள்ளவர் சுமார் 77 கிலோ அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இந்த மருந்தைப் பற்றி டாக்டர் யோசிப்பார். ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொல்லையும் இருந்தால் 69 கிலோவிலேயே யோசிக்கலாம்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணமாக வரும். சிலருக்குக் கணையம் வீங்கும், பித்தப்பையில் கல் சேரும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. குடும்பத்தில் ஒருவகை தைராய்டு புற்றுநோய் இருந்தாலும் ஆகாது. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இதையெல்லாம் கேட்காமலா ஒரு கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது?

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. வெகோவியில் உள்ள செமாக்ளூடைடு மருந்தை நிறுத்தியவர்களைக் கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் செலவு. குமாஸ்தா சம்பளத்தில் எத்தனை மாதம் ஓடும்?

சிவப்புக் கோடு

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, வாங்கவும் கூடாது. பில் கேளுங்கள். பில் தர மறுக்கிற கடையில் மருந்து எதற்கு? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டபின் நெஞ்சு படபடத்தாலோ, வலித்தாலோ, நிற்காமல் வாந்தி எடுத்தாலோ 108-க்குப் போன் போடுங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, "என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான்.